புதுச்செடி காட்டல்: பனமரத்துப்பட்டி வட்டார வழக்கு குறித்த ஓர் ஆய்வு

1. வரையறை

புதுச்செடி காட்டல் என்பது, ஒருவர் புதிதாக அடைந்த செடியை மண்ணில் வைப்பதற்கு முன்போ வைத்த கையோடோ பிறர் பார்வைக்குக் கொண்டுவந்து, அதன் பெயர், விலை, வருங்காலம் ஆகிய மூன்றையும் வாய்மொழியாக நிறுவும் செயல். இதற்குச் செடி, காட்டுபவர், பார்ப்பவர் என மூன்று உறுப்புகள் உண்டு. பார்ப்பவர் இல்லாதபோது எஞ்சுவது வெறும் செடி வளர்ப்பு. அதைப் பற்றி வேளாண் நூல்கள் போதிய அளவு பேசிவிட்டதால் இங்கு அது விலக்கப்படுகிறது.

இதன் துணைச்செயல் திட்டம் உரைத்தல். இன்னும் வாங்காத செடிகளை, இன்னும் போடாத பந்தலில், இன்னும் பெய்யாத மழையை நம்பி ஏற்றிவைப்பது இது. காட்டலும் உரைத்தலும் பெரும்பாலும் ஒரே நிற்பில் நடந்து முடியும். நிற்கும் இடம் வாசல். கையில் சொம்போ விளக்குமாறோ இருப்பதால், நிற்பவர் வேலையாக இருக்கிறார் என்றே வீட்டிலுள்ளோர் கருதுவர்.

செடி காட்டல் காட்டுபவரின் பெருமைக்காக நடப்பதாகவே பொதுவாக நம்பப்படுகிறது. அதன் பயன் கடைசியில் செடிக்கே போய்ச் சேருகிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

2. களமும் சிக்கலும்

பனமரத்துப்பட்டி, சேலம் நகருக்குத் தெற்கே ஜருகுமலையை ஒட்டி அமைந்த பேரூராட்சி. சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காக 1911-இல் இங்கே ஓர் ஏரி அமைக்கப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அந்த ஏரி, மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேலங்காடாக மாறியது. யாரும் விலைக்கு வாங்காமல், யாரும் யாருக்கும் காட்டாமல் இந்த அளவுக்குப் பரவிய செடி வட்டாரத்தில் வேறில்லை. ஆகவே சீமைக்கருவேலத்தை இவ்வாய்வின் ஒப்பீட்டுச் செடியாகக் கொள்ளலாம். அது விதையால் பரவுகிறது; நெற்றைத் தின்ற ஆடு மாடுகள் மற்றதைப் பார்த்துக்கொள்கின்றன.

வட்டாரத்தின் பணப்பயிர்களில் பூவுக்குத் தனி இடம் உண்டு. அரளிக்காடும் மல்லிக்காடும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. விளைவது சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போகிறது. அந்த மார்க்கெட்டின் அன்றாட விலைப்பட்டியல் வகைப்பாட்டியலில் ஒரு சாதனை: குண்டுமல்லி, சன்னமல்லி, ஜாதிமல்லி, காக்கட்டான், கலர் காக்கட்டான், சம்பங்கி, சாதா சம்பங்கி, அரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி, செவ்வரளி, ஐ.செவ்வரளி, நந்தியாவட்டம், சி.நந்தியாவட்டம் என்று அது நீளும். முன்னெழுத்துப் போட்டுக்கொண்ட பூக்கள் வேறு எந்த ஊர்த் தாவர நூலிலும் எளிதில் கிடைப்பதில்லை.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஏக்கர் கணக்கில் பூ விளைவிப்பவர், தெருவில் வந்த வண்டியை நிறுத்தி, இரண்டு மொக்கு விட்ட ரோஸ் செடியை விலை பேசி வாங்கி, அதை எதிர்வீட்டுக்குக் காட்டுவது ஏன்?

விடை பறிக்கும் நேரத்தில் இருக்கிறது. மல்லியும் அரளியும் மொக்காகவே பறிக்கப்பட வேண்டும். விடிவதற்குள் காட்டில் இறங்கிப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டில் சேர்த்தால்தான் விலை. மலர்ந்த பூவுக்கு மதிப்புக் குறைவு. ஆகவே பூ விவசாயி தம் காட்டில் பூ மலர்ந்திருப்பதைக் கண்டால் அது அவருக்கு நட்டக் கணக்கு. காட்டுப் பூவைப் பற்றிய பேச்சு கிலோ, ஆள் கூலி, கமிஷன் என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. செடியில் நின்று மலர்ந்து, நின்றபடியே உதிரும் உரிமை வாசல் தொட்டியில் உள்ள செடிக்கு மட்டுமே உண்டு. பேசப்படும் உரிமையும் அதற்கே.

3. பருவம்

குளிர்நாடுகளில் தோட்டக்காரர்கள் பனி உருகும் மார்ச், ஏப்ரலில் புதுச்செடி வாங்கித் திட்டம் போடுகிறார்கள். சேலம் சமவெளியில் அந்த மாதங்களில் மண் ஓடாகக் காய்ந்திருக்கும். இளவேனில் என்று பஞ்சாங்கம் குறிக்கும் சித்திரை, வைகாசியில் மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போது செடி வாங்கியவர் பேச்சில் செடி இடம்பெறாது; தண்ணீர் லாரிதான் இடம்பெறும்.

வட்டாரத்தின் உண்மையான வசந்தம் ஆடி. தென்மேற்குப் பருவக்காற்று ஒன்றிரண்டு மழையைத் தந்து, வெயிலின் கடுமை தணிந்து, விதைப்புக்கு மண் இளகும் மாதம் அது. ஆடி முதல் நாள் சேலம், நாமக்கல் பகுதி வீடுகளில் தேங்காய் சுடுவார்கள். அவலும் வெல்லமும் பொட்டுக்கடலையும் அடைத்த தேங்காயைக் குச்சியில் செருகித் தெருவில் நெருப்பு மூட்டிச் சுடும்போது தெருவே வாசலில் நிற்கிறது. அந்த ஆண்டின் முதல் திட்ட உரைகள் இந்த நெருப்பைச் சுற்றித்தான் வெளியிடப்படுகின்றன. ஆடிப்பெருக்குக்குள் செயல்படுத்தப்படாத திட்டம் ஆவணிக்குத் தள்ளிப்போகும். ஆவணியில் முகூர்த்தம் வரும். அதன்பின் திட்டம் தைப்பட்டத்துக்கு மாற்றப்பட்டதாகக் கருத வேண்டும்.

பருவத்தைத் தவறவிட்டவருக்கு அறிவியல் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. மல்லிகை நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்றது என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஆறு மாதம் நீளும் ஒரு கெடு, தள்ளிப்போடும் கலைக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரம். பந்தல் அவரையின் கதையும் இதைப் போன்றதே. பழைய நாட்டு ரகங்கள் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். ஆடி தொடக்கத்தில் ஊன்றியவரும் ஆவணியில் ஊன்றியவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், பனிக்காலம் நெருங்கும்போதுதான் பூவைப் பார்ப்பார்கள். முந்தி விதைத்தவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது இலையும், பேசுவதற்கு ஒரு மாதமும்.

4. வரத்து வழிகள்

புதுச்செடி வட்டாரத்துக்கு வந்து சேரும் வழிகள் ஐந்து.

முதலாவது வண்டிச் செடி. ஒலிபெருக்கி கட்டிய மினி லாரியில், கறுப்புப் பாலிதீன் பைகளில், பூத்த நிலையில் வரும். ஆந்திரத்தின் கடியம் வட்டாரமும் ஓசூர்ப் பக்கமும் தென்னிந்தியத் தெருக்களுக்குச் செடி அனுப்பும் பெரிய நர்சரிப் பகுதிகள். வண்டிச் செடியில் ரோஸ் முதலிடம் பெறும். வாங்கிய வாரம் அதில் பூ இருக்கும். பூ உதிர்ந்தபின் பல மாதங்களுக்கு நினைவு மட்டும் இருக்கும். ரோஸ் பெரும்பாலும் காட்டுரகத் தண்டில் மொக்கு ஒட்டு கட்டியது. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர் காட்டுரகத்தின் சொத்து. அதைக் கிள்ளிவிடாவிட்டால் மேலே உள்ள நல்ல ரகம் மெலிந்து ஒழியும். வட்டாரத்தில் “என்னமா கெளம்புது பாருங்க்கா” என்று மிகுந்த பெருமையோடு காட்டப்படும் துளிர் பெரும்பாலும் இந்தக் கீழ்த்துளிரே.

இரண்டாவது சந்தைச் செடி. கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக் கட்டுகள் இவ்வகை. குழம்புக்குப் போகப்போகும் செடிக்குப் பார்வையாளர் குறைவு என்பதால் ஆய்வுக்கு இதில் சரக்கில்லை.

மூன்றாவது மலைச் செடி. ஏற்காட்டுக்குப் போய்வந்தவர் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் வைத்துக் காத்து இறக்கிவரும் ஹைட்ரேஞ்சியா, பிகோனியா முதலியவை இதில் அடங்கும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் சுமார் 280 மீட்டர். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 6.5 டிகிரி சூடு கூடும் என்பது பொதுக் கணக்கு. அதாவது ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அந்தச் செடி 8 டிகிரி வெயிலை வாங்கிக்கொள்கிறது. மலைச் செடியை வந்த அன்றே காட்டிவிடுவது மரபு. காத்திருப்பதில் பயனில்லை.

நான்காவது பார்சல் செடி. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் பெரணிச்செடி தானே முளைத்து உயிரோடு இருப்பதைக் கவனித்தார். 1833-இல் அத்தகைய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை சிட்னிக்குக் கப்பலேற்றினார், அவை பிழைத்தன. தேயிலையும் சின்கோனாவும் கண்டம் தாண்டியது இந்தப் பெட்டியின் துணையால்தான். இன்று கூரியர் அட்டைப்பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. பிரித்தால் முதலில் பழைய செய்தித்தாள் வரும், அடுத்து ஈரத் தென்னை நார்க்கழிவு வரும், அடுத்து படத்தில் பார்த்த செடியின் கொள்ளுப்பேத்தி வரும்.

ஐந்தாவது கைச்செடி. விசேஷத்துக்குப் போன வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றி வருவது. கேட்டு வாங்கியது, கேட்காமல் வாங்கியது என இது இருவகைப்படும். மணி பிளான்ட் விஷயத்தில் இரண்டாம் வகையே சிறந்தது என்றும், திருடி வைத்தால்தான் அது செழிக்கும் என்றும் பரவலாக நம்பப்படுவதால், திருட்டுக்குச் சாத்திர ஆதரவு பெற்ற ஒரே தாவரம் அது எனலாம்.

5. காட்டும் முறை

காட்டல் மூன்று படிகளில் நடைபெறும். முதற்படியில் செடி, தெருவில் போவோர் இடறாத ஆனால் தவறவிடவும் முடியாத ஓரிடத்தில் வைக்கப்படும். இரண்டாம் படியில் பார்ப்பவர் நின்று, “புதுசா?” என்பார். மூன்றாம் படியில் பெயர் சொல்லப்படும். பெயர் விற்றவர் வாயிலிருந்து வந்ததாகவே இருக்கும். காஷ்மீர், பெங்களூர், ஊட்டி என்று ஊர்ப்பெயர் ஒட்டிய ரோஸ்களுக்கு மதிப்பு அதிகம். அந்தச் செடி அந்த ஊரைப் பார்த்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை.

பார்ப்பவர் சொல்லத்தக்க மறுமொழிகள் நான்கே: “எங்க வீட்லயும் இருந்துச்சு”, “இதுக்குத் தண்ணி ஜாஸ்தி ஊத்தக்கூடாது”, “எங்க நாத்தனா வீட்ல இது மரமாட்டம் நிக்குது”, “எவ்வளவு?” முதல் மூன்றும் நான்காவதற்கு வழி அமைப்பவை.

இரவுக் காட்சி தனி வகை. பிரம்மகமலம் என்று வட்டாரத்தில் வழங்கும் செடி இருட்டியபின் மலர்ந்து விடிவதற்குள் தொங்கிவிடும். ஆகவே மொக்கு தடித்த நாளில் அக்கம்பக்கத்துக்கு முன்னறிவிப்புத் தரப்படும். பத்து மணிக்கு மேல் நாற்காலி போடப்படும்; கற்பூரம் காட்டுவோரும் உண்டு. இமயமலையில் பனிக்கோட்டுக்கருகே வளரும் உண்மையான பிரம்மகமலம் சூரியகாந்திக் குடும்பத்தது. வாசலில் மலர்வது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த கள்ளியினம். இந்தத் தகவலைக் கற்பூரம் அணைவதற்கு முன் தெரிவிப்பது ஆய்வாளருக்கு உகந்ததல்ல.

6. விலை உரைத்தல்

ஒரு செடிக்கு ஒரே விலை என்ற கொள்கை வட்டாரத்தில் செல்லாது. வீட்டுக்காரருக்குச் சொல்லும் விலை, எதிர்வீட்டுக்குச் சொல்லும் விலை, கொடுத்த விலை என மூன்று உள்ளன. வீட்டுக்காரருக்குச் சொல்வது எப்போதும் குறைவு. எதிர்வீட்டுக்குச் சொல்வது செடியைப் பொறுத்தது. எல்லாரிடமும் உள்ள செடியானால் பேரம் பேசிய திறமையைக் காட்டக் குறைத்துச் சொல்ல வேண்டும். யாரிடமும் இல்லாத செடியானால் அருமையைக் காட்டக் கூட்டிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரும் எதிர்வீட்டாரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்க நேர்ந்தால், “வண்டிக்காரன் சும்மா குடுத்தான்” என்பது கையாளப்படும். இந்தக் கூற்றை இதுவரை யாரும் நம்பியதுமில்லை, மறுத்ததுமில்லை.

7. திட்டம் உரைத்தல்

திட்டங்களுள் தலையாயது மாடித் தோட்டம். தோட்டக்கலைத் துறை பை, தென்னை நார்க்கழிவு, காய்கறி விதை முதலியன அடங்கிய மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்குகிறது. தளை வாங்கியவர் உரைக்கும் திட்டத்தில் வெண்டை, கத்தரி, புடலை, பீர்க்கன், பாகல், கீரை எல்லாம் இருக்கும். தண்ணீரை மாடிக்கு யார் தூக்குவது என்பது இருக்காது.

அடுத்தது மண் கலவை. செம்மண், மணல், தொழுவுரம் மூன்றும் சமபங்கு என்பது எளிய கணக்கு. நாமக்கல் கோழிப்பண்ணைகள் பக்கத்தில் இருப்பதால் ஒரு மூட்டை கோழி எரு இந்தக் கணக்கில் நுழைந்துவிடுகிறது. மக்காத கோழி எருவின் காரம் வேரைக் கருக்கும். அதை நிறைய இட்ட செடி முதல் வாரம் நின்று யோசிக்கும்; இரண்டாம் வாரம் முடிவுக்கு வரும்.

உலக வரலாற்றில் திட்டங்களை எழுதிவைத்தவர்களும் உண்டு. அமெரிக்க அதிபராயிருந்த தாமஸ் ஜெபர்சன் 1766 முதல் 1824 வரை தோட்டக் குறிப்பேடு எழுதினார். விதைத்த நாள், பூத்த நாள் ஆகியவற்றோடு விளங்காமல் போனவற்றையும் அதில் குறித்தார். பனமரத்துப்பட்டி வழக்கில் திட்டம் எழுதப்படுவதில்லை. எழுதாத திட்டம் தோற்றதாக நிரூபிக்க முடியாது என்ற வகையில் இது மேம்பட்ட முறை.

திட்டத்துக்குப் பெரும்பகை ஆடு. அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உள்ளவை. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நிவேதனத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அதை விலக்கியது அதனால்தான். அதே காரணத்தால் ஆடு அதை மேய்வதில்லை. நெடுஞ்சாலை நடுத்திட்டில் அரளி வேலியின்றி நிற்கிறது. அறிவுக்கு உகந்த வாசல் செடி அரளியே. ஆனால் அதை வாசலில் வைத்துக் காட்டினால், காட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்ற நினைவுதான் இருவருக்கும் வரும். ஆகவே ஆடு விரும்பும் செடிகளே தொடர்ந்து வாங்கப்படுகின்றன.

8. குச்சி கேட்டல்

காட்டலின் உச்சநிலை குச்சி கேட்டல். காட்டிய அன்றே கேட்பது இங்கிதமல்ல. முதல் பூ வரும்வரை பொறுத்து, “இது கிள்ளி வெச்சா வருமா?” என்று கேட்க வேண்டும். வாக்கிய அமைப்பில் இது தாவரவியல் ஐயம், பொருளில் விண்ணப்பம். “மழை வரட்டுங்க்கா” என்பது ஒத்திவைப்பு. “வேணும்னா எடுத்துக்கங்க” என்பதில் உள்ள ‘வேணும்னா’வின் அழுத்தத்தைக் கொண்டு, எடுக்க வேண்டிய குச்சியின் நீளத்தைக் கணிக்கலாம்.

இவ்வாய்வின் துணிபு இங்கே உறுதிப்படுகிறது. வாசல்களில் அதிகம் காணப்படும் செடிகளுள் பல விதையால் பெருகாதவை. டெல்லி கனகாம்பரம் மும்மடங்கு குரோமோசோம் தொகுதி கொண்டது. அதற்கு விதை பிடிப்பதில்லை. குண்டுமல்லி நம் பகுதியில் காய்ப்பது மிக அரிது. பாலினேசியத் தீவான மொரேயாவில் தோன்றிய மணி பிளான்ட் பூப்பதே அபூர்வம். பிரம்மகமலம் தண்டுத் துண்டால் பெருக்கப்படுகிறது. இவை ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்குப் போக வேண்டுமானால் யாராவது காட்ட வேண்டும், யாராவது ஆசைப்பட வேண்டும், யாராவது கிள்ள வேண்டும். சீமைக்கருவேலத்துக்கு ஆடு செய்வதை, கனகாம்பரத்துக்கு வாசல் பேச்சு செய்கிறது. வண்டு இல்லாத குறையைப் பெருமையும் பொறாமையும் சேர்ந்து நிறைவு செய்கின்றன.

காட்டிவிட்டுக் கொடுக்காமலிருப்பது பயன் தராது என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1593-இல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ் அங்கே துலிப் வளர்த்தார். கிழங்குகள் அவர் தோட்டத்திலிருந்து திருடுபோயின. அடுத்த தலைமுறையில் அதே நாட்டில் துலிப் கிழங்குக்கு வீட்டு விலை பேசும் வெறி பிடித்து, 1637 பிப்ரவரியில் சரிந்தது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. அங்கும் செடி காட்டுவார்கள். கிள்ள விடமாட்டார்கள். சமவெளி வாசல்களில் ஆர்க்கிட் அரிதாக இருப்பதற்கு வெயில் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

9. குச்சியோடு வருபவை

குச்சி தனியாகப் பயணம் செய்வதில்லை. செம்பருத்திக் குச்சியின் கணுவில் மாவுப்பூச்சி இருந்தால் அதுவும் புதுவீடு புகும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிப்பது வாசல் அளவிலான மருந்து. காட்டளவில் விளைவு பெரிது. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கு வந்து சேர்ந்தது. மரவள்ளியும் குச்சியால் நடப்படும் பயிர். பூச்சி பரவ அது ஒரு வழி. அதை ஒடுக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு, ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022-இல் வெளியிடும் பணி தொடங்கியது. ஆகவே வாங்கிவந்த குச்சியைச் சில நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மற்றச் செடிகளோடு சேர்ப்பது முறை. கொடுத்தவர் கண்ணில் படும்படி தனியே வைப்பது முறையல்ல.

10. இறப்பும் விளக்கமும்

புதுச்செடி இறப்பதற்குத் தோட்டக்கலை கூறும் காரணங்கள் சில: அடியில் துளையில்லாத வாளி, வேர் அழுகும் அளவு தண்ணீர், வண்டிப் பையில் இருந்த களிமண் உருண்டையைக் கலைக்காமல் நடுதல், நட்ட மறுநாளே முழு வெயில். வட்டாரம் கூறும் காரணம் ஒன்றே: கண்ணு பட்டுவிட்டது. முட்டை ஓட்டைக் கிளை நுனியில் செருகுவதும், பழைய செருப்பைக் கட்டுவதும் தடுப்பு முறைகள்.

கண்ணேறு விளக்கத்தின் வலிமை அதன் கணக்கில் இருக்கிறது. காட்டாமல் வைத்த செடி அரிது என்பதால், இறந்த செடிகள் அனைத்தும் காட்டப்பட்டவையே. பிழைத்தவையும் காட்டப்பட்டவையே என்பது யாருக்கும் உறைப்பதில்லை. இந்த விளக்கத்தில் தண்ணீர் ஊற்றியவர்மீது பழி விழாது. பார்த்தவர்மீது விழுந்தாலும் பார்த்தவர் பலர் என்பதால் பங்கு குறைவு.

11. மீட்சி

இறந்த செடியிலிருந்து முன்பே குச்சி கொடுத்திருந்தால் மீட்சி உண்டு. தாய்வீட்டில் பட்டுப்போன கனகாம்பரம் எதிர்வீட்டில் புதராக நிற்கும். முதலில் வாங்கியவர் இப்போது அங்கே போய், “இது கிள்ளி வெச்சா வருமா?” என்று கேட்க வேண்டிய நிலை வரும். மறுப்பது வழக்கமல்ல, சற்று நீளமான குச்சியே கிடைக்கும். இந்தக் காப்பீட்டுக்குச் சந்தா கிடையாது. கொடுக்காமல் வைத்திருந்தவருக்கு இழப்பீடும் கிடையாது.

தீராமல் நிற்பது மூப்புரிமைச் சிக்கல் ஒன்றே. எது மூலச்செடி என்று கேட்டால் வாங்கியவர் தம்முடையதைச் சொல்வார். வளர்த்தவர் தம்முடையதைச் சொல்வார். குச்சியால் பெருகிய செடிகள் மரபணு அளவில் ஒன்றே என்பதால், இரண்டும் ஒரே செடிதான். இருவர் கூற்றும் சரி.